எந்தச் சொற்செயலி? முதலில் கோப்பு எங்கே போகிறது என்று பாருங்கள்

“தமிழில் டைப் செய்ய நல்ல வேர்டு எது?” இந்தக் கேள்வியை நான்கு பேர் இருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். என்.எச்.எம். ரைட்டர் போடுங்கள் என்பார் ஒருவர். பாமினிதான், அச்சகத்தில் அதைத்தான் கேட்பார்கள் என்பார் இன்னொருவர். கூகுள் டாக்ஸ் சும்மாவே கிடைக்கும்போது வேறு எதற்கு என்பார் மூன்றாமவர். நாலாமவர், யாரோ எப்போதோ கொடுத்த வேர்டு 2007 குறுந்தட்டைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

நால்வரும் உதவத்தான் பார்க்கிறார்கள். ஆனால் முதலாமவர் சொன்னது விசைப்பலகைக் கருவி, இரண்டாமவர் சொன்னது எழுத்துரு, மற்ற இருவர் சொன்னவைதான் சொற்செயலி. கேட்டவர் எல்லாவற்றையும் நிறுவிக்கொண்டு, ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பி, “ஏதோ ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதே” என்ற பதிலை வாங்கிக்கொண்டு, மென்பொருளைத் திட்டுவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதில் எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்னால், எழுதி முடித்த கோப்பு கடைசியில் யார் கைக்குப் போகிறது, அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று பாருங்கள். படிக்க மட்டும் செய்வாரா, திருத்துவாரா, அச்சுக்கு அனுப்புவாரா? இதற்குப் பதில் கிடைத்தால் மென்பொருள் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். ஏன் அப்படி என்பதற்குக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரே மூச்சில் பேசப்படும் நான்கு

நீங்கள் ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். அதை எந்தத் தமிழ் எழுத்தாக எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது விசைப்பலகைக் கருவி. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. தமிழ்99 முறையில் அடிப்பவரும், ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்து அடிப்பவரும் ஒரே ‘அம்மா’வைத்தான் உருவாக்குகிறார்கள். இப்போதைய விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை.

கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தத்துக்குக் குறியாக்கம் என்று பெயர். உலகம் முழுக்க இன்று பொதுவாக இருக்கும் ஒப்பந்தம் யூனிகோட். அதில் ‘அ’வுக்கு எண் 2949, ‘க’வுக்கு 2965. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ உள்ள எந்தக் கணினியும் 2949 என்று பார்த்தால் ‘அ’ என்றே புரிந்துகொள்ளும்.

அந்த எண்ணுக்கு எந்த வடிவம் வரைவது என்று வைத்திருக்கும் பட்டியல்தான் எழுத்துரு, பேச்சில் ஃபாண்ட். லதா, நிர்மலா, நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை எல்லாம் இந்த வகை. ஒரே ‘அ’ ஒன்றில் ஒல்லியாகவும் ஒன்றில் தடியாகவும் தெரியும்.

நான்காவதுதான் சொற்செயலி: எழுத்துகளை வரியாக, பத்தியாக, பக்கமாக அடுக்கி, தலைப்பு, அடிக்குறிப்பு, அட்டவணை, பக்க எண் என்று ஒழுங்கு செய்து, திருத்தவும் அச்சிடவும் வசதி தரும் மென்பொருள். வேர்டு, லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் மூன்றும் இதுதான்.

ஆக, விசைப்பலகை உள்ளே அனுப்புகிறது, குறியாக்கம் எண்ணாக வைக்கிறது, எழுத்துரு வடிவம் தருகிறது, சொற்செயலி அடுக்குகிறது. ஒன்றில் கோளாறு என்றால் இன்னொன்றை மாற்றிப் பயனில்லை. ‘எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது’ என்பது பெரும்பாலும் எழுத்துரு இல்லாததன் அடையாளம். அதற்காக வேர்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

துணியும் அளவுச் சீட்டும்

தையல் கடையில் துணி கொடுக்கிறீர்கள். தையல்காரர் அளவெடுத்து ஒரு சீட்டில் எழுதித் துணியோடு குத்தி வைக்கிறார். உயரம் இவ்வளவு, தோள் இவ்வளவு, காலர் இப்படி, பொத்தான் வெள்ளை. அந்தப் பொட்டலத்துக்குள் சட்டை இல்லை. துணியும் குறிப்பும் மட்டும்தான் இருக்கின்றன. அதே பொட்டலத்தை அடுத்த தெருக் கடையில் கொடுத்தாலும் சட்டை கிடைக்கும். ஆனால் ‘காலர் இப்படி’ என்பதை அவர் வேறு மாதிரி புரிந்துகொள்ளலாம். வெள்ளைப் பொத்தான் அவரிடம் இல்லாவிட்டால் கையில் இருப்பதை வைத்துத் தைத்துவிடுவார்.

சொற்செயலிக் கோப்பு அந்தப் பொட்டலம் மாதிரி. உங்கள் வாக்கியங்கள் துணி. ‘இது தலைப்பு, இந்த எழுத்துரு, இந்த அளவு, இங்கே புதுப் பக்கம்’ என்பவை சீட்டு. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சொற்செயலி சீட்டைப் படித்துப் பக்கத்தைப் புதிதாகத் தைக்கிறது. நீங்கள் திரையில் பார்த்த பக்கம் கோப்புக்குள் படமாக உட்கார்ந்திருக்கவில்லை.

பிடிஎஃப் என்பது தைத்து முடித்த சட்டை. யார் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பிரித்துத் தைப்பது சிரமம். நோட்பேடில் எழுதும் வெற்று உரை வெறும் துணி, சீட்டே கிடையாது.

இதை நீங்களே பார்க்கலாம். வேர்டில் சேமித்த ஒரு கோப்பின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் டாக்எக்ஸ் என்ற பின்னொட்டில் முடியும். விண்டோஸ் அதை மறைத்து வைத்திருந்தால், கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் வியூ மெனுவில் பின்னொட்டைக் காட்டச் சொல்லலாம். டாக்எக்ஸ் என்பதை அழித்துவிட்டு ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில கோப்புறைகள் தெரியும். வேர்டு என்ற கோப்புறைக்குள் டாக்குமென்ட் என்று ஒரு கோப்பு. அதை நோட்பேடில் திறந்தால் உங்கள் தமிழ் வாக்கியங்கள், அவற்றைச் சுற்றிக் கோண அடைப்புக்குறிகளுக்குள் கட்டளைகள். லிப்ரே ஆஃபீஸின் ஓடிடி கோப்பையும் (படம் பார்க்கிற ஓடிடி இல்லை) இதே போலத் திறந்து பார்க்கலாம், அதற்குள் கன்டென்ட் என்ற கோப்பு இருக்கும்.

இந்தச் சீட்டு எழுதும் முறைக்குத்தான் கோப்பு வடிவம் என்று பெயர். டாக்எக்ஸ் 2007ஆம் ஆண்டின் வேர்டோடு வந்தது. அதற்கு முந்தைய டாக் வடிவத்தின் உட்புறம் இப்படித் திறந்து படிக்கக்கூடியதாக இல்லை. ஓடிடி எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம், 2006இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. டாக்எக்ஸும் 2008இல் ஐஎஸ்ஓ தரமானது. அதனால் இரண்டையும் படிக்கத் தெரிந்த மென்பொருட்கள் நிறைய உண்டு. அப்படியானால் இங்கிருந்து அங்கே போகும்போது ஏன் கலைகிறது?

பக்கம் ஏன் கலைகிறது

பெரும்பாலும் எழுத்துருவால்தான். உங்கள் கணினியில் லதாவில் அமைத்த கட்டுரையை லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர் திறக்கிறார். அவரிடம் லதா இருக்காது. சொற்செயலி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றும். அந்த எழுத்துருவில் ‘ணௌ’வும் ‘ழை’யும் கொஞ்சம் அகலம் என்று வையுங்கள். ஒரு வரியில் ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படும். பத்து வரிக்கு அப்புறம் பத்தி ஒரு வரி நீளும். எட்டாம் பக்கத்து அட்டவணை ஒன்பதாம் பக்கத்துக்குப் போகும். சீட்டில் எழுதியிருந்தது ஒன்றும் மாறவில்லை, பொத்தான்தான் மாறியது.

இதற்கு வழிகள் உண்டு. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய எழுத்துருவையே முதலிலிருந்து பயன்படுத்துவது நல்லது. நோட்டோ குடும்பம், மீரா இனிமை இரண்டும் இதற்குப் பொருத்தம், எந்த இயங்குதளத்திலும் வேலை செய்யும். எழுத்துருவையே கோப்புக்குள் பொதிந்து அனுப்பவும் முடியும். வேர்டில் சேமிப்பு அமைப்புகளிலும், லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் ஆவணத்தின் பண்புகளிலும் அந்த வசதி இருக்கிறது. பெறுபவர் திருத்தப் போவதில்லை என்றால் பேசாமல் பிடிஎஃப் அனுப்பிவிடலாம்.

இன்னொரு காரணம் நாம் செய்கிற வேலை. புதுப் பக்கம் வேண்டும் என்று என்டரைப் பதினைந்து முறை தட்டுவது, வரிசை நேராக வர ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்துவது. நம் திரையில் சரியாகத்தான் நிற்கும். எழுத்துரு மாறியதும் அந்தப் பதினைந்து என்டரும் வேறு எங்கேயோ போய் நிற்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு முறை என்டர் தட்டினால் போதும், ‘இங்கிருந்து புதுப் பக்கம்’ என்று சீட்டில் எழுதப்பட்டுவிடும்.

பாமினி என்ற தனிக் கதை

தமிழில் எழுதுபவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பல ‘கோப்பு கெட்டுப்போச்சு’ கதைகளுக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

யூனிகோட் பரவுவதற்கு முன்னால், கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் எண்கள் மட்டுமே நன்றாகத் தெரிந்திருந்த காலத்தில், ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து ‘ஜே’ இருக்கும் இடத்தில் ‘த’ வடிவத்தை வரைந்து ஓர் எழுத்துரு செய்துவிட்டால்? கணினி ‘ஜே’ என்று நினைத்துக்கொண்டிருக்கும், நமக்குத் ‘த’ தெரியும். பாமினி இப்படி வேலை செய்கிற எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். தப்பு ஒன்றும் நடக்கவில்லை, கோப்பில் இருந்ததே அதுதான்.

இதன் விளைவுகளைப் பாருங்கள். ஆவணத்துக்குள் ‘தமிழ்’ என்று யூனிகோடில் தேடினால் கிடைக்காது. கைபேசியில் படிக்க முடியாது. எழுத்துப்பிழை திருத்தி எல்லாச் சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடும், ஏனென்றால் அதன் கண்ணுக்கு இது கிறுக்கல் ஆங்கிலம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும் பழக்கம் வேர்டுக்கு இருக்கிறது. பாமினியில் சிறிய ‘ஜே’ என்பது ‘த’, பெரிய ‘ஜே’ என்பது ‘து’. நீங்கள் ‘தமிழ்’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் வேர்டு உதவி செய்கிறேன் பேர்வழி என்று ‘துமிழ்’ ஆக்கிவிடும். தானியங்கித் திருத்தத்தை அணைத்தால்தான் இந்த உபத்திரவம் நிற்கும்.

அப்படியிருந்தும் சில அச்சகங்கள் ஏன் இன்னும் இந்த வகை எழுத்துருக்களைக் கேட்கின்றன? பேஜ்மேக்கர்தான் காரணம். புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதற்கு யூனிகோட் தெரியாது. அதில் கை பழகியவர்களும், அதற்கென்று வாங்கி வைத்த அழகான எழுத்துருக்களும் இருக்கும்வரை இந்தக் கோரிக்கை இருக்கும். அதற்காக நீங்கள் பாமினியில் எழுத வேண்டியதில்லை. யூனிகோடில் எழுதுங்கள். பாமினியோ வேறு குறியாக்கமோ அச்சகத்துக்குத் தேவைப்பட்டால் கடைசியில் மாற்றிக்கொள்ளும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மூலப் பிரதி யூனிகோடில் உங்களிடம் இருக்கட்டும். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது.

சொற்செயலியின் உண்மையான பலம்

சொற்செயலி என்றால் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, வண்ணம் என்று நினைப்பவர்கள் அதிகம். அதற்கு இவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. விண்டோஸ் 95 காலத்திலிருந்து கூடவே வந்த வேர்ட்பேட் அதைச் செய்துகொண்டுதான் இருந்தது. (விண்டோஸ் 11இன் 2024 பதிப்போடு அதை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது, கொஞ்சம் வருத்தம்தான்.)

உண்மையான பலம் ஸ்டைல் என்ற வசதியில் இருக்கிறது. ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அளவை 16 ஆக்கி, தடிப்பாக்கினால் ‘இந்த எழுத்துகள் பெரியவை’ என்று மட்டும்தான் கோப்புக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைக் கொடுத்தால் ‘இது ஓர் அத்தியாயத் தலைப்பு’ என்று தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சொற்செயலி நிறையச் செய்யும். பொருளடக்கத்தைப் பக்க எண்ணோடு அதுவே தயாரிக்கும். ஓர் அத்தியாயத்தை முன்னே பின்னே நகர்த்தினால், புதுப்பிக்கச் சொன்னதும் எண்களைத் திருத்தும். பக்கவாட்டில் தலைப்புப் பட்டியல் காட்டும், தட்டினால் அந்த இடத்துக்குத் தாவும். எல்லா அத்தியாயத் தலைப்பையும் 18 ஆக்க வேண்டுமா? ஸ்டைலில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். மின்னூலாக மாற்றும்போதும் இந்தத் தலைப்புகளை வைத்துத்தான் உள்ளடக்கப் பட்டியல் உருவாகிறது.

ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவர் இதைத் தெரிந்துகொள்வதும் தெரியாமல் இருப்பதும், சமர்ப்பிக்கும் வாரத்தில் தூங்குவதும் தூங்காமல் இருப்பதும் போலத்தான். வேர்டா ரைட்டரா என்ற சர்ச்சையைவிட இது பல மடங்கு முக்கியம். இரண்டிலும் ஸ்டைல் உண்டு.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, ரைட்டரில் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது. அதில் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஓர் எழுத்துரு, தமிழ், இந்தி, அரபு போன்ற ‘சிக்கலான அமைப்புள்ள’ எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துரு என்று ஒரே ஸ்டைலுக்குள் இரண்டு அமைப்புகள் இருக்கும். சிக்கலான அமைப்பு என்பது இதுதான்: ‘கெ’ என்று எழுதினால் கோப்பில் முதலில் க, அப்புறம் ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய மென்பொருள் கூடுதலாக உழைக்கிறது. ஸ்டைலில் முதல் அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு “தமிழ் அளவு மாறவே இல்லை” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இரண்டாவதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இன்டிசைனில் பக்கம் வடிவமைப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. எழுத்துகளை வரிகளாக அடுக்கும் பத்தி அமைப்பியை ‘வேர்ல்டு ரெடி’ வகைக்கு மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

எழுத்துப்பிழை திருத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அது சொல்பட்டியலை வைத்துக்கொண்டே ஓரளவு சமாளித்துவிடும். தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஒரு சொல். எந்தப் பட்டியலில் இதைச் சேர்ப்பது? அதனால் சொற்செயலிகளோடு வரும் தமிழ்த் திருத்திகள் சரியான சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடும். எரிச்சலாக இருந்தால் அணைத்துவிட்டு, முடித்த பிறகு வாணி போன்ற தமிழ்த் திருத்தியில் ஒட்டிப் பார்க்கலாம். சொற்செயலியைத் தேர்ந்தெடுக்கத் தமிழ்த் திருத்தியை அளவுகோலாக வைக்க வேண்டாம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கோப்பு என்பது வாக்கியங்களும் குறிப்புகளும். குறிப்பைத் தெளிவாக எழுதினால் (யூனிகோட், எல்லோருக்கும் கிடைக்கும் எழுத்துரு, ஸ்டைல்) எந்தச் சொற்செயலியும் ஏறக்குறைய ஒழுங்காகத் தைக்கும். இனி அந்தச் சொற்செயலிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேர்டு

மைக்ரோசாஃப்ட் வேர்டு 1983இல், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் கணினிகளுக்கு வந்தது. இன்று அதன் மிகப் பெரிய வசதி, எதிராளியிடமும் அது இருப்பதுதான். பதிப்பாசிரியர், அலுவலகம், மொழிபெயர்ப்பு நிறுவனம் என்று டாக்எக்ஸ் கேட்பவர்கள்தான் அதிகம். யார் எங்கே எதை மாற்றினார்கள் என்று கோடிட்டுக் காட்டும் வசதி, ஓரக் குறிப்புகள் இவற்றை வைத்து இரண்டு பேர் மாறி மாறித் திருத்துவதாக இருந்தால் இருவரும் வேர்டிலேயே இருப்பது நிம்மதி.

காசு ஒரு விஷயம். மாதம் அல்லது ஆண்டுச் சந்தா ஒரு வழி, ஒரே முறை வாங்கும் பதிப்பு இன்னொரு வழி. சந்தா முடிந்தால் கோப்புகள் போய்விடாது, திறந்து படிக்கலாம், அச்சிடலாம், திருத்த மட்டும் முடியாது. உலாவியில் இயங்கும் வேர்டு ஒரு கணக்கு மட்டும் இருந்தால் இலவசம். வசதிகள் குறைவு, ஆனால் கடிதம், விண்ணப்பம், சிறுகதைக்கு அது தாராளம். மாதத்துக்கு இரண்டு கடிதம் எழுதுபவர் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருட்டுப் பிரதியை நிறுவுவதையும்தான். வைரஸ் அதன் வழியாக வருவது சகஜம்.

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர்

ஜெர்மனியில் ஸ்டார் ஆஃபீஸாகத் தொடங்கி, ஓப்பன் ஆஃபீஸாக மாறி, 2010இல் லிப்ரே ஆஃபீஸாகப் பிரிந்தது. இலவசம், கணக்கு வேண்டாம், இணையம் வேண்டாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். தனியாக உட்கார்ந்து நீளமாக எழுதுபவருக்கு, முக்கியமாக எழுதியதெல்லாம் தன் கணினியிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு, இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஸ்டைல் வசதி வேர்டைவிடத் தெளிவாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். முதல் பார்வைக்கு மெனுக்கள் பழைய காலத்து அலுவலகம் மாதிரி இருக்கும், பழகிவிடும்.

டாக்எக்ஸை இது திறக்கும், அதிலேயே சேமிக்கவும் செய்யும். எளிய கட்டுரை என்றால் பிரச்சினை வராது. படங்கள், உரைப் பெட்டிகள், சிக்கலான அட்டவணைகள் உள்ள கோப்பு வேர்டுக்கும் ரைட்டருக்கும் இடையே பல முறை போய்வந்தால் ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது நகரும். அதனால் கோப்பு திரும்பி வராத வேலைகளுக்கு ஓடிடியில் எழுதி, அனுப்பும்போது மட்டும் மாற்றுங்கள். போய்த் திரும்பும் வேலைகளுக்கு எதிராளி எதில் இருக்கிறாரோ அதிலேயே தொடங்குங்கள்.

மின்வெட்டு உள்ள ஊரில் யூபிஎஸ் இல்லாத கணினியில் எழுதுபவர்களுக்கு: வேர்டும் ரைட்டரும் தானாக மீட்புப் பிரதி எடுக்கும் இடைவெளி, நீங்கள் மாற்றாதவரை 10 நிமிடம். அதை 2 ஆக்கிவிடுங்கள்.

கூகுள் டாக்ஸ்

இது மற்ற இரண்டையும் போல இல்லை. இங்கே உங்கள் கணினியில் கோப்பு என்று ஒன்று கிடையாது. எழுத்து கூகுளின் கணினியில் இருக்கிறது, நீங்கள் உலாவி வழியாக அதைத் திறந்து பார்க்கிறீர்கள். இதன் நன்மைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. தட்டத் தட்டச் சேமிக்கிறது, மின்சாரம் போனால் கவலையில்லை. முந்தாநாள் அழித்த பத்தியைப் பதிப்பு வரலாற்றில் தேடி எடுக்கலாம். சங்கத்தின் ஆண்டறிக்கையை ஐந்து பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். பேருந்தில் கைபேசியில் குரலால் சொல்லி எழுதியது, வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் அங்கே இருக்கும்.

தொல்லைகளும் அதிலிருந்தே வருகின்றன. இணையம் இல்லாமல் எழுத வேண்டுமானால் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். கணினியில் கூகுள் டிரைவ் நிறுவியவர்கள் அதில் தெரியும் ஜிடாக் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போவதுண்டு. அந்தக் கோப்பில் எழுத்தே கிடையாது, ஒரு இணைப்பு மட்டும்தான். எடுத்துச் செல்ல வேண்டுமானால் ஃபைல் மெனுவில் போய் டாக்எக்ஸாகவோ பிடிஎஃப்பாகவோ தரவிறக்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் எழுத்தும் மாட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்ற விதியும் இருக்கிறது.

நாவலாசிரியர்களுக்கு ஒரு தகவல். ஒரு டாக்ஸ் ஆவணத்துக்கு 10.2 லட்சம் எழுத்துக்குறிகள் வரை என்று வரம்பு உண்டு. தமிழில் ‘கொ’ என்பது க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்று இரண்டு குறிகள், ‘க்’கும் அப்படித்தான். அதனால் பெரிய நாவல் நினைத்ததைவிடச் சீக்கிரம் வரம்பை நெருங்கும், அதற்கு முன்பே திரை தடுமாறத் தொடங்கும். அத்தியாயத்துக்கு ஓர் ஆவணம் என்று பிரித்துவிடுவது நல்லது.

சரி, உங்களுக்கு எது?

வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களா? எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள், பிடிஎஃப்பாக அனுப்புங்கள். நிறுவனம் டாக்எக்ஸ் என்று குறிப்பிட்டுக் கேட்டால் மட்டும் அதைக் கொடுங்கள்.

பத்திரிகைகளுக்குக் கதை, கட்டுரை அனுப்புபவர்களுக்கு அலங்காரமே வேண்டாம். அங்கே உங்கள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் துணியை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். யூனிகோட் தமிழ், தெளிவான பத்திகள், ஒரு டாக்எக்ஸ் கோப்பு போதும். பிடிஎஃப் அனுப்பாதீர்கள். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் கொம்பும் புள்ளியும் இடம் மாறிக் கலங்கி வருவது அடிக்கடி நடக்கிறது, உதவி ஆசிரியர் உங்களை நினைத்துக்கொண்டே அதைத் திருத்துவார்.

ஆய்வேடு என்றால் நெறியாளரைக் கேளுங்கள், அவர் எதில் திருத்துகிறாரோ அதுதான் உங்கள் சொற்செயலி. பல்கலைக்கழகம் மாதிரிக் கோப்பு கொடுத்திருந்தால் பேச்சே இல்லை. கோயில் குழு, குடியிருப்போர் சங்கம், பள்ளி ஆண்டுமலர் என்று பலர் கை வைக்கும் வேலைக்கு டாக்ஸ். தாத்தாவின் நினைவுகளை எழுதிப் பத்திரப்படுத்துபவர், நாட்குறிப்பு எழுதுபவர், இருபது வருடம் கழித்தும் திறக்க வேண்டும் என்று நினைப்பவர் ரைட்டரில் எழுதி ஓடிடியாக ஒன்று, வெற்று உரையாக ஒன்று, பிடிஎஃப்பாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் போடப் போகிறவர்கள் பக்க வடிவமைப்பில் நேரத்தைச் செலவிடாமல் இருப்பது நல்லது. அதை வடிவமைப்பாளர் வேறு மென்பொருளில் மறுபடி செய்யப் போகிறார். அவருக்குத் தேவை ஒழுங்கான ஸ்டைல்கள் மட்டும். நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்ட பூ பார்டரை அவர் பார்க்காமலேயே அழித்துவிடுவார்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு பக்கம்

நீண்ட வேலை எதையும் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சோதனைப் பக்கம் தயார் செய்யுங்கள். அதில் ஒரு தலைப்பு, ஒரு பத்தி, ஓர் அடிக்குறிப்பு, மூன்று வரிசை உள்ள சிறிய அட்டவணை, ஒரு படம் இருக்கட்டும். பத்தியில் கொ, கௌ, ணை, னை, க்ஷ, ஸ்ரீ எல்லாம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ‘கௌ’ அடிக்கும்போது ஔகாரக் குறியே போடுங்கள். ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்த்து ‘கெள’ என்று அடித்தால் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், தேடும்போது கிடைக்காது.

இந்தப் பக்கத்தைக் கடைசியில் பெறப்போகிறவருக்கு அனுப்பி, அவர் கணினியில் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து ஆங்கிலமாகத் தெரிந்தால் குறியாக்கத்தைப் பாருங்கள். கட்டமாகத் தெரிந்தால் எழுத்துருவைப் பொதிந்து அனுப்புங்கள். அட்டவணையோ அடிக்குறிப்போ மட்டும் கலைந்திருந்தால் அப்போதுதான் அவர் வைத்திருக்கும் சொற்செயலிக்கு மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.